எண்ணெய் நிலையத்து முனியாண்டி

கனகராஜுக்கு அந்தக் கூரையைப் பார்த்தாலே வெட்கமாக இருந்ததாம். கோயில் கமிட்டித் தலைவரான பிறகு நடந்த முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று அதைத்தான் சொன்னான்.

"சிங்கப்பூர்ல என்கூட வேலை செய்றவங்ககிட்ட நம்ம கோயில் படத்தக் காட்டவே கூச்சமா இருக்கு. எண்ணெய் அடிக்கிற ஸ்டேசன் மாரியே இருக்கு லா."

பெட்ரோல் அடிக்கக் கட்டிய எண்ணெய் நிலையம் எண்ணெய் நிலையம் மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்குமாம்? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் நான் ஓரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். தேநீர் கலக்குகிறவளின் கருத்தைக் கமிட்டிக்காரர்கள் கேட்பதில்லை, தேநீரில் சீனி குறைந்தால் மட்டும் கூப்பிடுவார்கள்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அதன் பின்னறையில்தான் நானும் என் வீட்டுக்காரர் செல்வாவும் குடியிருந்தோம். எண்ணெய் டின்கள் அடுக்கி வைக்கக் கட்டிய அறை அது. ஒரு கதவு, ஒரு ஜன்னல், எவ்வளவு கழுவினாலும் போகாத ஒரு கிரீஸ் வாடை. எங்களுக்கு வேறு வீடு கிடையாது. எங்களைப் பெற்றவர்கள் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து லயத்திலேயே போய்ச் சேர்ந்தவர்கள், லயமும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது.

கட்டியவர் கண்ணையா செட்டியார். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில், காஹாங் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை மட்டும் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் எண்ணெய் நிலையம் கட்டினார். அப்போது மரம் ஏற்றிய லோரிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்ததால் அதுவும் புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. இரண்டு பம்பு, ஒரு ஆபீஸ் அறை, பின்னால் எங்கள் அறை, முன்னால் தூண்கள் தாங்கிய ஒரு தட்டைக் கான்கிரீட் கூரை. செல்வா அங்கே எண்ணெய் அடித்தார். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு டவுன் பக்கம் புதிதாக ஒரு நிலையம் வந்தது. அதில் குளிர்சாதனம் போட்ட கடை, ரொட்டி, காப்பி, வாசனை வருகிற கழிப்பறை. லோரிக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். செட்டியாரும் அப்படி ஒரு கடை வைத்திருக்கலாம். ஆனால் அவர் கழிப்பறைச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, கேட்கிறவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுக்கிற மனிதர். நிலையத்தை மூடினார். விற்கவும் பார்த்தார். வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அடியில் இருக்கிற டேங்கை யார் எடுப்பது? மண்ணுக்குள் புதைத்த இரும்பு டேங்குகள். அவற்றைத் தோண்டி எடுத்து, எண்ணெய் ஊறிய மண்ணை மாற்றி, அதற்கப்புறம்தான் அந்த இடத்தில் வேறு ஏதாவது கட்டலாம். அந்தச் செலவைக் கேட்டதும் வந்தவர்கள் கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் காரில் ஏறினார்கள்.

செட்டியார் எங்களைக் கூப்பிட்டு, "இங்கயே இருங்க, எடத்தப் பாத்துக்குங்க" என்றார். வாடகை கேட்கவில்லை, சம்பளமும் கொடுக்கவில்லை. நான் காஹாங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கப் போனேன், செல்வா கிடைத்த வேலைக்குப் போனார்.

அதற்கப்புறம் அந்தக் கட்டடத்துக்கு வராத மேதாவி இல்லை. ஒருவன் டயர் கடை வைத்தான். வண்டியே நிற்காத சாலையில் டயர் யாருக்கு? அவன் போனதும் பொந்தியானிலிருந்து இன்னொருவன் வந்தான். சீனர்கள் சூப் வைக்கிற பறவைக் கூட்டை வளர்த்துச் சீனாவுக்கு அனுப்பப் போகிறேன் என்று ஆபீஸ் அறையின் ஜன்னல்களை எல்லாம் அடைத்து, கூரையில் ஒலிபெருக்கி கட்டி, குருவிச் சத்தத்தைப் பதிவு செய்து இரவு பகலாக ஓடவிட்டான். அந்தக் கீச்சுச் சத்தத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒரு குருவி வரவில்லை. வௌவால்கள்தான் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தன. அவனும் போனான், ஒலிபெருக்கியை நிறுத்தக்கூட ஆளில்லை. செல்வாதான் ஏறி வயரைப் பிடுங்கினார்.

முனியாண்டி வந்தது இதற்கெல்லாம் பிறகு. பக்கத்துத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கே மரத்தடியில் ஒரு கல்லும் ஒரு சூலமுமாக நின்றுகொண்டிருந்தவர் அவர். வேறு இடம் தருவதாக யாரோ சொல்ல, தோட்டத்து ஜனங்கள் அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாமி நனையக் கூடாதென்று லோரியை எங்கள் கூரைக்கடியில் ஓட்டி, பம்பைக் கழற்றிய மேடை ஒன்று காலியாக இருந்ததால், மழை விடும்வரைக்கும் என்று அவரை அதன்மேல் இறக்கி வைத்தார்கள். மழை விட்டது. தருவதாகச் சொன்ன இடம் பாதி சதுப்பு, மீதி இன்னொருவனுடையது என்று அப்புறம்தான் தெரிந்தது. செட்டியார் வந்து பார்த்தார். கேட்கிறவனுக்குக் கழிப்பறைச் சாவி தராதவர், முனியாண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பயம்தான், வேறென்ன!

செல்வா பூசாரியானதற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவர்தான் அங்கே இருந்தார். வண்டிகள் முன்பு வந்து நின்ற அதே இடத்தில் வந்து நின்றன, கண்ணாடியை இறக்கின, அவர் முன்பு மாதிரியே குனிந்து என்ன வேண்டும் என்று கேட்டார். எண்ணெய்க்குப் பதில் விபூதி, அவ்வளவுதான் வித்தியாசம். சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் ஊருக்கு அது பொருந்திப் போனது. புதுக் கார் எடுத்தவனெல்லாம் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற எங்களிடம் வந்தான். வேறு எந்தக் கோயிலிலும் காரை நேராகச் சாமி முன்னால் ஓட்டி நிறுத்த முடியாது, மழையிலும் நனையாது. மெர்சிங் போகிற லோரிக்காரர்கள், வழியில் யானை மறிக்கக் கூடாதென்று, ஒரு சுருட்டைப் பற்ற வைத்து முனியாண்டி முன்னால் சொருகிவிட்டு, ஒரு கறுப்பு பீரை உடைத்து வைத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கும் முனியாண்டிக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. சுருட்டு அவருக்கு, சாம்பலைக் கூட்டுவது நான். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் புதுக் கார்காரன் போய்விடுவான், வழுக்கி விழுகிறவள் நான். ஆனாலும் அவரால் எங்கள் அறைக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. சாமி இருக்கிற இடத்திலிருந்து எங்களை யார் எழுப்புவார்கள் என்று நம்பியிருந்தேன். அப்படி நம்பியது சாமியைப் பற்றிச் சரி, கமிட்டியைப் பற்றித் தப்பு.

கனகராஜ் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் நல்ல வேலை, வார இறுதியில் ஊர், கையில் நேரம். கையில் நேரம் இருக்கிற ஆண்பிள்ளைகள் கோயில் கமிட்டியில் சேர்வது இங்கே வழக்கம். முதலில் பெயரை மாற்றினான். முனியாண்டி, ஸ்ரீ மகா முனீஸ்வரர் ஆனார். அடுத்து சுருட்டை நிறுத்தினான், பீரை நிறுத்தினான். சர்க்கரைப் பொங்கல்தான் இனிமேல். பிறந்ததிலிருந்து கிடாவும் சாராயமும் கண்டவருக்குச் சர்க்கரைப் பொங்கல்! லோரிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், சண்டைக்கு வரவில்லை. சாலையோரத்தில் நின்று, தூணுக்கு அந்தப்பக்கம் சுருட்டைப் பற்ற வைத்து, தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் கோபுரம். கூரையை உடைத்துவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைத்து கோபுரம். இந்தியாவிலிருந்து ஒரு குருக்கள். அவர் தங்க ஓர் அறை. வௌவால் அடைந்த ஆபீஸ் அறையை விட்டால் அங்கே இருந்தது ஒரே ஓர் அறைதான்.

அன்றைக்கு நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"குருக்கள் எங்க ரூம்ல இருந்தா நாங்க எங்கப்பா இருப்போம்?"

"அக்கா, ஒங்கள விட்டுருவோமா? கோபுரம் முடிஞ்சதும் ஒங்களுக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டித் தர்றோம்."

"மொதல்ல ரூம கட்டு. அப்புறம் கோபுரத்தக் கட்டு."

"அலமாக்! சாமி காரியத்துல போய் இப்பிடிப் பேசுறீங்களே."

"அடியில டேங்க் இருக்கே, அது?"

"எத்தன வருசமா காலியா கெடக்குது, அது என்ன பண்ணப் போவுது? அண்ணே, நீங்க சொல்லுங்க."

அண்ணன் என்று அவன் கேட்டது என் வீட்டுக்காரரை. செல்வா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவர் இல்லை என்று தலையாட்டி நான் பார்த்ததே கிடையாது. புதுக் கோயிலில் அவருக்கு உதவியாளர் பதவியாம். குருக்களுக்குக் குடை பிடிக்கிற வேலை அது, பெயர்தான் பெரிசு. எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன், வீட்டுக்கு வந்து, அவர் சாப்பாட்டில் கை வைத்த பிறகு.

கோயிலை உடைக்கும்முன் பாலாலயம் செய்தார்கள். சாமியின் சக்தியைக் கல்லிலிருந்து எடுத்து, அவர் உருவம் எழுதிய ஒரு அத்திப் பலகையில் இறக்கி, வேலை முடியும்வரை வேறு இடத்தில் வைத்துப் பூஜை செய்வது. குளுவாங்கிலிருந்து வந்த குருக்கள் மந்திரம் சொன்னார். வௌவால் அடையாத, கதவும் கூரையும் உள்ள வேறு இடம் இல்லாததால் பலகையை எங்கள் அறையில்தான் வைத்தார்கள். வைத்துவிட்டு, இனிமேல் உள்ளே மீன் சமைக்கக் கூடாது, உள்ளே படுக்கக் கூடாது என்று எனக்குச் சட்டம் வேறு. என் அறைக்கு வெளியே, சுவரோரமாக ஒரு தார்ப்பாய் கட்டி நானும் செல்வாவும் படுத்துக்கொண்டோம்.

சக்தி போய்விட்டது, இனி அது வெறும் கல்தானே என்று முனியாண்டியின் கல்லையும் சூலத்தையும் பெயர்த்துப் பின்பக்கம் சாய்த்து வைத்தார்கள். கூரை லேசில் விழவில்லை. செட்டியார் எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் பண்ணியவர், கம்பியில் மட்டும் பண்ணவில்லை போலும். உடைக்க வந்தவர்கள் சலித்துப்போய் பெரிய இயந்திரம் கொண்டுவந்து இழுத்துச் சாய்த்தார்கள். கனகராஜ் அதை முழுக்கப் படம் பிடித்துக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எல்லோரும் கைகூப்பிப் பதில் போட்டார்கள்.

அடுத்தது அஸ்திவாரம். மண்வாரி இயந்திரத்தின் பல் கீழே இறங்கிய கொஞ்ச நேரத்தில் டங்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வந்த வாடையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலியாகக் கிடந்த டேங்காம்! கறுப்பாக, கொழகொழவென்று குழியில் ஊறியது. இயந்திரத்துக்காரன் சாவியைக்கூட எடுக்காமல் ஓடினான். தீயணைக்கிற பொம்பா வண்டி வந்தது, சாலையை அடைத்தார்கள், நுரையை அடித்தார்கள். அதன் பின்னால் சட்டை போட்டவர்கள், கண்ணாடி போட்டவர்கள், மண்ணைப் புட்டியில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வேலையை நிறுத்து என்றார்கள். டேங்கை எடு என்றார்கள். அந்த மண்ணையும் குழியைச் சுற்றிக் கிடக்கிற எல்லாவற்றையும் விஷக் குப்பை கொட்டுகிற இடத்துக்கு அனுப்பு என்றார்கள்.

யார் எடுப்பது என்று கேட்டதுமே கமிட்டி கரைய ஆரம்பித்தது. கைகூப்பிப் பதில் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள். போனில் வரிசையாக அந்த அறிவிப்புதான் வந்துகொண்டிருந்தது. பொருளாளருக்கு முதுகுவலி. செயலாளருக்கு மகளின் கல்யாணம், அந்த மகள் இன்னும் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். கனகராஜுக்குச் சிங்கப்பூரில் திடீரென்று ஓவர்டைம்.

கடைசியில் நிலத்துக்காரரைத்தான் பிடித்தார்கள். செட்டியார் போய்ச் சேர்ந்துவிட்டார், நிலம் அவர் மகள் அழகம்மை பெயரில் இருந்தது. ஜோகூர் பாருவில் வழக்கறிஞர். அந்த அம்மாள் டேங்க் எடுக்கிற ஒப்பந்தக்காரன் ஒருவனை அனுப்பினார். அவன் ஆட்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து டேங்குகளைத் தூக்கினார்கள், மண்ணை அள்ளினார்கள், குழியைச் சுற்றிக் கிடந்த கான்கிரீட், கம்பி, கல் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றினார்கள். நான் கேண்டீனிலிருந்து வந்தபோது பின்பக்கம் காலியாக இருந்தது. முனியாண்டியின் கல்லும் சூலமும் விஷக் குப்பையோடு போய்விட்டன.

செல்வா குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "நிறுத்துங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"சொன்னேன். அதுவும் லிஸ்ட்ல இருக்குன்னான்" என்றார். அப்புறம் சிறு பிள்ளை மாதிரி அழுதார். நான் திட்டுவதை நிறுத்தினேன். முனியாண்டியோடு எனக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், அதற்காக அவரைக் குப்பையில் போடுவார்களா? எனக்கும் அழுகை வந்தது. கனகராஜுக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"அக்கா, கவலப்படாதீங்க. சக்தியெல்லாம் பலகையிலதானே இருக்கு. அது வெறுங்கல்லு."

"என் வாயில நல்லா வருது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கே தார்ப்பாயைப் பிரித்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போனேன். பலகை முன்னால் விளக்கை ஏற்றினேன், கெம்போங் மீன் வாங்கி வந்து அதே அறையின் மறுமூலையில் அடுப்பை ஏற்றிக் குழம்பு வைத்தேன். யாரும் கேட்க வரவில்லை. செல்வா எங்கிருந்தோ ஒரு சுருட்டு வாங்கி வந்து பலகை முன்னால் பற்ற வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் அந்த அறையில் இருந்தோம். மண் வேலை முடிகிறவரைக்கும் அதுவும் ஒரு மாதிரி நன்றாகவே போனது.

பிறகு ஒரு காலையில் அழகம்மை வந்தார். காரை நிறுத்த நிழல் தேடினார், கூரை போனபின் நிழல் ஏது? வெயிலிலேயே இறங்கினார். நல்ல மாதிரியான அம்மாள், அதைச் சொல்ல வேண்டும். நான் கொடுத்த தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"எடத்தக் குடுத்துட்டேன். கரண்ட் கார் சார்ஜ் பண்ற கம்பெனி ஒண்ணு வாங்கிக்கிச்சு. தீபாவளிக்குள்ள காலி பண்ணிருங்க."

"இத்தன வருசம் இல்லாம இப்ப என்ன, ஆச்சி?" என்றேன். செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்பதுதான் முறை, என்னைவிட வயதில் சின்னவராக இருந்தாலும்.

"இத்தன வருசமும் அடியில டேங்க் இருந்துச்சு. அது இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் வாங்க மாட்டான், எடுக்க எங்களுக்கும் வசதிப்படல. அதனாலதான் அப்பா ஒங்கள விட்டு வச்சாங்க, நானும் விட்டு வச்சேன். ஒங்க கமிட்டிதான் தோண்டி விட்டுட்டாங்க. எடுத்தே ஆவணும்னு ஆயிருச்சு. இப்ப மண்ணு சுத்தம். எறங்குன செலவ நான் எப்பிடிப் புடிக்கிறது, சொல்லுங்க?"

அத்தனை வருஷம் நான் எங்களைக் காப்பாற்றுவது முனியாண்டி என்று நினைத்திருந்தேன், முனியாண்டியைக் காப்பாற்றியதே அடியில் கிடந்த அந்தத் துருப்பிடித்த டேங்குதான். அதைத் தோண்டி எடுக்க இந்த ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை, எங்கள் ஆட்களுக்குத்தான் வந்தது. கோபுரம் வேண்டுமாம் கோபுரம்! வெளியார் ஒருவரும் எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நாங்களே நன்கொடை வசூலித்து, நல்ல நாள் பார்த்து, மேளம் கொட்டி எங்களைத் தள்ளிக்கொண்டோம்.

செல்வாவோடு முன்பு டயர் கடையில் வேலை செய்த ஒருவர் இப்போது காஹாங்கில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் பழைய டயர் போடுகிற ஜிங்க் கொட்டகை ஒன்று இருந்தது. மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் திறந்த வெளி. வேறு இடம் கிடைக்கும்வரை இருந்துகொள்ளுங்கள் என்றார். மனுஷன் அவர்தான்.

காலி செய்கிற அன்று கனகராஜ் வந்தான். தலைவர் இல்லாமல் சாமியை நகர்த்தக் கூடாதே! புதுச் சட்டை, நெற்றியில் பட்டை. குளுவாங்கில் ஒரு பெரிய கோயிலில் பேசிவிட்டானாம், பலகையை அங்கே பிராகாரத்தில் ஒரு மூலையில் வைத்துக்கொள்வார்களாம்.

"சுருட்டு வைப்பாங்களா?" என்று செல்வா கேட்டார்.

"அண்ணே, அது ஆகமக் கோயில். அங்க போய் சுருட்டு கிருட்டுன்னு பேசாதீங்க."

செல்வா தலையை ஆட்டினார். ஆமாம் என்று அல்ல. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அந்தப் பக்கமாகத் தலையாட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் உள்ளே போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சாமான் ஏற்றிய லோரியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கி, மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன்.

கனகராஜ் ஓடிவந்து லோரிக் கதவைப் பிடித்தான். அவன் முகத்தில் நிஜமாகவே பயம் இருந்தது.

"அக்கா, என்னாக்கா பண்றீங்க? முனியாண்டி காவல் தெய்வம். அவர வீட்டுக்குள்ள வச்சிக்கக் கூடாது, தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும்பா" என்றேன். "வீடு இருந்தா வச்சிக்க மாட்டேன்."